கொலுசில் கட்டிய ஒற்றை இழை

அன்று படவேடு பக்கம் ஒரு நிலத்தை அளக்கப் போயிருந்தேன். வரப்புக்காக ஆறு வருடமாக முறைத்துக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் முதல் நாள் சாயங்காலமே தங்களுக்குள் பேசிச் சமாதானமாகிவிட்டார்கள் என்று போன பிறகுதான் தெரிந்தது. என் சர்வீஸில் அப்படி நடந்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். அளக்க ஒன்றும் இல்லாததால் கிடைத்த பஸ்ஸில் ஏறி, வழக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே ஆரணிக்கு வந்து, கஸ்தூரி அக்கா வீட்டு வாசலில் நின்றேன். என் மகளைப் பகலில் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மாம்பழ நிறத்தில் ஒரு சேலையைப் பாதி நெய்திருந்தார். அக்கா ராட்டைக்கு முன்னால் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்குத் தார் சுற்றுவது என்று பெயர்.

என் மகள் மகிக்கு அப்போது ஒரு வயதும் நாலு மாதமும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கரண்டியைப் போடுவதும் எடுப்பதுமாக மும்முரமாக இருந்தாள். அவள் கொலுசில் சிவப்பாக ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். பட்டு இழை. கொலுசில் தொடங்கி, தரையோடு ஓடி, கஸ்தூரி அக்காவின் கால் மெட்டியில் முடிந்திருந்தது.

என் பிள்ளையைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். அடுத்து நான் செய்த காரியம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தைரியம் வரும்வரை முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துக் கட்டம் போட்ட தாள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் எடுத்துப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் அரசாங்க நில அளவர். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, எல்லைக் கல் எங்கே இருக்கிறது, எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது என் பிழைப்பு. இந்த வேலையில் ஒருத்தர் சொல்வதை நம்பி ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. கண்ணீர் விட்டுச் சொல்கிறவர்தான் முக்கால்வாசி நேரம் கல்லை நகர்த்தியவராக இருப்பார். அதனால் எனக்கு டேப்பின் மேல் உள்ள நம்பிக்கை மனிதர்கள் மேல் வந்ததில்லை.

மகி பிறந்து பேறுகால விடுப்பு முடிய ஒரு மாதம் இருந்தபோது அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. யாரிடம் விடுவது? கணவருக்குச் செய்யாறு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூத்தவன் கவின் எல்.கே.ஜி.; மத்தியானமே வேனில் வந்து இறங்கிவிடுவான். மாமியார் பெங்களூரில் மூத்த மகன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே புக் ஆகிவிட்டார். என் அம்மாவுக்குப் பெரணமல்லூரில் இரண்டு கறவை மாடுகள். தான் வந்துவிட்டால் மாட்டை யாரை நம்பி விடுவது என்று கேட்டார். பேத்தியை யாரை நம்பி விடுவது என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, அது மாடு மாதிரி உதைக்கவா போகிறது என்றார்.

ஆகவே நான் ஒரு தாளை எடுத்துப் பத்துக் கட்டம் போட்டேன். சுத்தம், பொறுமை, கவனம், சமையல், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கணவர் அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா இது, பாப்பாவுக்குப் பட்டா மாறுதலா?" என்றார்.

முதலில் வந்தவர் வேலூரில் ஒரு ஏஜென்சி அனுப்பிய பெண். கையில் சான்றிதழ், கழுத்தில் அடையாள அட்டை. பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டார். நான் இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அது நியாயமான கேள்விதான் என்று என் கணவர் வாதாடினார். ஆரணியில் தங்கச் சம்மதமில்லை என்று அந்தப் பெண்ணே எங்கள் வாக்குவாதத்தை முடித்து வைத்தார்.

இரண்டாமவர் அடுத்த தெரு சுந்தரி. சிரித்த முகம். மகிக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. விடுப்பு முடிவதற்கு முன் நாலு நாள் பழக்கிப் பார்க்கலாம் என்று விட்டேன். மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து ஒரு தோழி எனக்கு வீடியோ அனுப்பினாள். அதில் என் மகள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துப் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதற்குள் ஆரணியில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். சுந்தரிக்கு இன்றுவரை என் மேல் வருத்தம்தான். அத்தனை லைக்கும் பாப்பாவுக்குத்தானே வந்தது என்பது அவர் கட்சி.

மூன்றாவதாக வந்த அம்மா நான் கேள்வி கேட்கும் முன்பே எழுந்து சமையலறைக்குள் போனார். அடுப்பு மேடையை விரலால் தடவிப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார், உடனே மூடினார். இந்த வீடு தனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தாள் அவர் கையில் இருந்திருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன்.

விசில் ஊதிக்கொண்டே ஒரு நாள்

இத்தனை அலசுகிற நான், எப்படி வளர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு ஐந்து வயது இருக்கும். வேர்க்கடலை பிடுங்கும் நாள். வீட்டில் ஒருவருக்கும் என்னைப் பார்க்க நேரமில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் ஏற்றி, ஆரணியில் சித்தி நிற்பாள், இறக்கி விட்டுவிடுங்கள் என்று கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலைக் கொல்லைக்குத் திரும்பிவிட்டார். கண்டக்டர் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

ஆரணியில் சித்தி இல்லை. சித்திக்கு விஷயமே போய்ச் சேரவில்லை. கண்டக்டர் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு என்னைத் தன் சீட்டிலேயே உட்கார வைத்து, கையில் விசிலைக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊர் நிறுத்தத்திலும் என்னை இறக்கிக்கொள்ள ஆள் இல்லாததால், அன்று பொழுது சாயும்வரை பெரணமல்லூருக்கும் ஆரணிக்கும் நாலு தடவை போய் வந்தேன். எல்லா நிறுத்தத்திலும் விசில் ஊதினேன். டிரைவர் வாங்கித் தந்த பன் பட்டர் ஜாமின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. கடைசி நடையில் அம்மா எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றிருந்தார். கண்டக்டர் என்னை இறக்கி விட்டார். வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்ட ஒரே கேள்வி, சாப்பிட்டியா என்பதுதான்.

பெரியவளான பிறகு ஒரு நாள், முன்பின் தெரியாத ஆளிடம் எப்படி விட்டீர்கள் என்று சண்டைக்குப் போனேன். அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அவரு பஸ்ஸ வுட்டுட்டு எங்கடி போவாரு?" என்றார்.

அப்போது அதைப் பதிலாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டு நகர முடியாத ஆளிடம்தான் பிள்ளையை விட முடியும் என்பது அம்மாவின் கணக்காக இருந்திருக்கிறது.

கவனம்: சுமார்

கஸ்தூரி அக்காவை என் தாள் கண்டுபிடிக்கவில்லை. கவின் கண்டுபிடித்தான்.

விடுப்பு முடிய நாலு நாள் இருந்தது. வேன் வரும் நேரத்தில் மகிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் தெருமுனைக்குப் போகக் கால் மணி நேரம் தாமதம். அங்கே வேனும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்கு உயிரே இல்லை. தெருவில் ஓடிக்கொண்டிருந்த என்னை ஒரு வீட்டுக்குள்ளிருந்து கவினே கூப்பிட்டான். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முறுக்கு தின்றபடி தறி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றதாகவும், தான் போய் இறக்கி வைத்துக்கொண்டதாகவும் கஸ்தூரி அக்கா சொன்னார். சொல்லும்போதும் ராட்டையை நிறுத்தவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண்கள், மூத்தவள் கல்யாணமாகிப் போயிருந்தாள், இளையவள் கல்லூரியில். மறுநாள் தாளோடு போய் எதிரில் உட்கார்ந்தேன். பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எதற்கு அழுகிறது என்று பார்ப்பேன் என்றார். சாப்பிட அடம்பிடித்தால்? பசித்ததும் சாப்பிடும் என்றார். நான் என்ன கேட்டாலும் அவர் கண் ராட்டையில்தான். ஆகவே கவனம் என்ற கட்டத்தில் 'சுமார்' என்று எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எப்போதாவது எனக்குக் கர்வம் தலைக்கேறினால் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

பாதுகாப்பு என்ற கட்டத்தில் என் பேனா நின்றது. அதே கூடத்தில், ராட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, தறிக்குழி. இடுப்பளவு ஆழம். குழியைக் காட்டினேன்.

"அத நான் பாத்துக்கறேன்" என்றார்.

எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டேன். வேறு ஆளும் இல்லை, நாளும் இல்லை. வேனில் வந்து இறங்கும் கவினும் நான் வரும்வரை அங்கேயே இருப்பான் என்று சேர்த்துச் சம்பளம் பேசி முடித்தோம். என் மனத் திருப்திக்காக ஒன்பது விதிகளைக் கணினியில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். அக்கா அதை மரியாதையாக வாங்கி, காலண்டர் தொங்கிய ஆணியிலேயே மாட்டி வைத்தார்.

நாலு மாதம் நன்றாகவே போயிற்று. மகி அங்கேதான் நடக்கப் பழகினாள். தறிச் சத்தத்தில் அயர்ந்து தூங்குவாள், தறி நின்றால் விழித்துக்கொண்டு அழுவாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அமைதி அவளுக்குத் தாங்கவில்லை. கடைசியில் என் கணவர் தறிச் சத்தத்தை போனில் பதிவு செய்து வந்து தலைமாட்டில் ஓடவிட்டார். அவள் தூங்கினாள். நாங்கள் இருவரும் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டோம்.

நான் செய்தது

இனி தள்ளிப்போட முடியாது. அந்த மத்தியானத்துக்கே வருகிறேன்.

"இன்னாக்கா இது? கன்னுக்குட்டியக் கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க?" என்று வாசலில் நின்றே கத்தினேன்.

ராட்டை நின்றது. கட்டவில்லை என்றும், கொஞ்சம் உட்கார்ந்தால் சொல்வதாகவும் அக்கா சொன்னார். நான் உட்காரவில்லை. குனிந்து இழையைப் பிடித்து இழுத்து அறுத்து, மகியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"உங்க வேல நடக்கணும்னு எம் புள்ளையக் கட்டிப் போடுவீங்களா?"

ஏழுமலை அண்ணன் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தறி நின்றதும் மகி வழக்கம்போல அழ ஆரம்பித்தாள். பட்ட கொடுமையை நினைத்துத்தான் அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். சுவரில் சாய்ந்து படம் வரைந்துகொண்டிருந்த கவினைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க வீட்டுக்கு நடந்தேன்.

மஞ்சள் பந்து

அடுத்து கிடைத்தது ஒரு ப்ளே ஸ்கூல். சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும். சமீபத்தில்தான் அறைக்குள் கேமரா வைத்திருந்தார்கள். எங்கே இருந்தாலும் போனில் பிள்ளையைப் பார்க்கலாம். என்னைப் போன்றவளுக்கு வேறென்ன வேண்டும்? யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வாரம் நான் அளந்த நிலத்துக்காரர்கள் மறு அளவைக்கு மனுக் கொடுத்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஐந்தாம் நாள் மறுபடி படவேடு பக்கம், மலையடிவாரத்தில் ஒரு கொல்லை. அங்கே பம்ப்செட் அறைக்குப் பின்னால் மட்டும்தான் சிக்னல். பத்தரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். மகி மஞ்சள் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்குப் பார்த்தேன். அதே பந்து, அதே இடம். பன்னிரண்டரைக்கும் அப்படியே. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த நிலத்துக்கார அம்மாவிடம் போனை நீட்டி, எவ்வளவு பொறுமையாக இருக்கிறாள் பாருங்கள் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாங்க, கண்ணுகூட சிமிட்ட மாட்டேங்குது" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். மகிக்குப் பின்னால் ஒரு பையன் ஒற்றைக் காலில் நின்றிருந்தான். இரண்டு மணி நேரமாக ஒற்றைக் காலில் நின்றிருந்தான். படம் பத்தரைக்கே உறைந்து போயிருந்தது.

பள்ளிக்கு போன் செய்தேன். காலையிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும், லைனே கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். மகி பத்தரையிலிருந்து அழுகையை நிறுத்தவில்லையாம். குடித்த பாலை வாந்தி எடுத்துவிட்டாளாம். உடம்பு சுடுகிறதாம். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸை நம்பி யாரும் அவசரப்படுவதில்லை. ரோட்டோரப் புளிய மரத்தடியில் நின்று, உறைந்த அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அத்தனை பயம் அதற்கு முன் வந்ததில்லை. என் பிள்ளை எங்கேயோ அழுதுகொண்டிருக்கிறது, நானோ அது சமர்த்தாக விளையாடுகிற படத்தைக் கையில் வைத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பெருக்கித் துடைக்கிற அம்மா அவளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மகிக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவர்களும் கெட்டவர்கள் இல்லை. பதினோரு பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், அன்றைக்குப் பார்த்து நெட்டும் போய்விட்டது.

டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். உடம்பைத் துடைத்துவிடக் கொலுசைக் கழற்றினேன். திருகாணியில் அந்தச் சிவப்பு இழையின் முடிச்சும், விரல் நீளத்துக்கு ஒரு துண்டும் சிக்கியிருந்தன. பார்த்ததும் மறுபடி கோபம் வந்தது. பிய்த்து எறியலாம் என்று விரலில் சுற்றினேன். இழுக்க வேண்டியிருக்கவே இல்லை, தானாகவே அறுந்தது. கூந்தல் முடியைக் காட்டிலும் மெலிசான ஒற்றை இழை. கன்றுக்குட்டியை விடுங்கள், ஒரு பூனைக்குட்டியைக்கூட அதைக் கொண்டு பிடித்து வைக்க முடியாது.

பக்கத்தில் நின்ற கவின் என்னைப் பார்த்தான்.

"அது கட்டறதுக்கு இல்லம்மா. அறுந்து போறதுக்கு" என்றான். "பாப்பா தூரமா போனா அறுந்துடும். கஸ்தூரி அத்த எழுந்து வருவாங்க."

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவே இல்லையே என்றான்.

நாலு முழம்

மறுநாள் லீவு போட்டேன். காலையில் மகிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கஸ்தூரி அக்கா வீட்டுக்குப் போனேன். தாள் எதுவும் கையில் இல்லை. வாசலில் நின்று, தப்பு என் மேல்தான், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். வழியெல்லாம் வேறு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், அதெல்லாம் வாயில் வரவில்லை. மகி மட்டும் தறிச் சத்தம் கேட்டதும் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கித் தன் டப்பாவைத் தேடிப் போனாள்.

அக்கா கையிலிருந்த தாரைச் சுற்றி முடித்தார். பிறகு ராட்டையை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"தறி ஓடறப்ப கொலுசு சத்தம் காதுல வுழுமாங்க? நான் இங்க குனிஞ்சிகினு இருப்பேன். அது பின்னாடி எழுந்து போனா எனக்கு எப்பிடித் தெரியும்? நாலு முழம் இழ. குழிகிட்ட போறதுக்குள்ள அறுந்துடும். அறுந்தா கால்ல தெரியும். ஒரு நாளைக்கி இருவது வாட்டி அறுக்குது உங்க பொண்ணு. இருவது வாட்டியும் எழுந்து போய்த் தூக்கியாந்து வுடறேன். என் ரெண்டு பொண்ணுங்களும் இப்பிடித்தான் வளந்துதுங்க."

இழை அறுவது அவருக்குத் தெரியாமல் போகாது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை விரலுக்கு நடுவில் இழை ஓடிக்கொண்டிருக்கிற வேலை. அறுந்த நொடியில் கை தானாக நின்று, முனையைத் தேடி முடிச்சுப் போட்டுவிடும். கண் அதற்குத் தேவையே இல்லை. நான் மதிப்பெண் போட்டது அவர் கண்ணுக்கு.

தொழில் புத்தி விடுமா? கைப்பையில் எப்போதும் டேப் இருக்கும். கேட்காமலேயே எடுத்து அளந்தேன். அக்கா உட்காரும் இடத்திலிருந்து குழியின் விளிம்புக்கு ஒன்பதடி மூன்று அங்குலம். நாலு முழ இழை ஆறடி. மூன்றடிக்கு மேல் மிச்சம்.

"அளந்து பாத்தாத்தான் நம்புவீங்களா?" என்று கேட்டு அக்கா முதன்முதலாகச் சிரித்தார்.

மகியை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். இன்று லீவுதானே, நீங்களே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு புது இழையை எடுத்து ஒரு முனையை மகியின் கொலுசில் முடிந்தார். மறுமுனையோடு என் காலுக்கு வந்தவர், விரலில் மெட்டி இல்லாததைப் பார்த்து நிமிர்ந்தார். நாள் முழுக்க ஷூ போடுகிற கால், மெட்டி குத்துகிறது என்று விளக்கம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கட்டை விரலில் முடிந்துவிட்டார். அந்த ஒன்றும் சொல்லாதது என் மாமியார் சொல்லியிருக்கக்கூடியதைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் நான் அபாரம். மூன்று தடவை இழை அறுந்தது, மூன்று தடவையும் துள்ளி எழுந்தேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு ஆபீஸிலிருந்து ஒரு வரைபடத்தை அனுப்பி, அளவு சரியா என்று பார்த்து ஜல்தியாகச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு நிமிட வேலை. போனில் படத்தைப் பெரிதாக்கி எல்லைக் கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

தறி நின்றது.

"யம்மா" என்றார் ஏழுமலை அண்ணன். நாலு மாதத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. "இழ அறுந்து ரொம்ப நேரம் ஆச்சிம்மா."

மகி குழியின் விளிம்பில் நின்றிருந்தாள். அவர் ஒரு கையால் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்திருந்தார். அவள் அவர் தோளில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். என் கட்டை விரலில் ஒரு முழ இழை தளர்ந்து கிடந்தது. அது அறுந்தது எனக்குத் தெரியவே இல்லை. கஸ்தூரி அக்கா ராட்டையை நிறுத்திவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

போனைத் தரையில் வைத்தேன். அண்ணன் குழியில் உட்கார்ந்திராமல் டீ குடிக்கப் போயிருந்தால் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

பத்தாவது விதி

அக்கா என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் மகியை வாங்கி வந்து டப்பாவின் பக்கத்தில் உட்கார வைத்தார். வேறு இழை எடுத்துத் தன் மெட்டியில் முடிந்துகொண்டார்.

"காலையில கொண்டாந்து வுட்டுட்டு நீங்க பாட்டுக்கு வேலைக்கிப் போங்க. அதப்பத்தி எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல" என்றார். ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாயங்காலம் வந்து இட்டுகினு போறீங்களே, அதான் யோசனையா கீது. எப்பிடி நம்பி அனுப்பறது?"

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

பிறகு ஆணியில் தொங்கிய என் ஒன்பது விதிகளை எடுத்து வரச் சொன்னார். உறையிலிருந்து தாளை உருவி, அடியில் பத்தாவதாக ஒன்றை என் கையாலேயே எழுத வைத்தார்: 'அம்மா வரும்போது போன் பையில் இருக்க வேண்டும்.' அன்றிலிருந்து இரண்டு வருடம், சாயங்காலம் நான் வாசலில் நின்றால் அக்கா முதலில் என் கையைத்தான் பார்ப்பார். கையில் போன் இருந்தால் பிள்ளை வராது. நான் பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கொலுசிலிருந்து இழையை அவிழ்ப்பார். மற்ற ஒன்பது விதிகளையும் அவர் படித்தாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

மகிக்கு இப்போது ஆறு வயது. அக்காவின் கழிவு நூல் உருண்டை ஒன்று அவளிடம் இருக்கிறது. நான் வீட்டில் எழுத உட்கார்ந்தால் மேஜைக்கு அடியில் புகுந்து என் கால் விரலில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைத் தன் காலில் கட்டிக்கொண்டு விளையாடப் போவாள். அறுந்தால் எழுந்து வர வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

இந்த அத்தியாயத்தை எழுத ஆரம்பித்த பிறகு மூன்று தடவை அறுந்துவிட்டது. முதல் இரண்டு தடவை எனக்குத் தெரியவில்லை. அவளே வந்து முறைத்துவிட்டு மறுபடி கட்டிவிட்டுப் போனாள். மூன்றாவது இப்போது அறுந்தது. தெரிந்தது. எழுந்து போகிறேன், இந்த வாரம் அரைப் பக்கம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.